"இன்னும் ஒரே ஒரு வாய்!": குட்டிக் குழந்தைகளோடு இரவுச் சாப்பாடு ஏன் தினமும் போராட்டமாகிறது?

இரவு 8.20 மணி. சென்னை ஓஎம்ஆரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. ஆபீஸ் கேபில் வந்து இறங்கிய அம்மா, முகம் கழுவிவிட்டு நேராக அடுப்படிக்குப் போகிறார். அப்பா ஒரு காதில் ஹெட்செட்டோடு அன்றைய கடைசி மீட்டிங்கில் இருக்கிறார். குக்கர் மூன்று விசில் அடித்து ஓய்கிறது. பருப்பு சாதம், நெய், கேரட் பொரியல், ஓர் அப்பளம். எல்லாம் தட்டில் ரெடி.

மூன்று வயதுப் பையன் தட்டைப் பார்க்கிறான். "எனக்கு வேணாம்."

"நேத்து இதைத்தானேடா ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்ட?"

"வேணாம். அப்பளம் மட்டும்."

அடுத்த முக்கால் மணி நேரம் எப்படிப் போகும் என்று சொல்லவே வேண்டாம். கெஞ்சல், கொஞ்சல், "ஆ காட்டு தங்கம்", "பூச்சாண்டி வந்துடுவான்", கடைசியில் செல்போன். நடுவில் தண்ணீர் டம்ளர் கவிழும். வீடியோ காலில் பாட்டி, "பிள்ளை இப்படி இளைச்சுப் போயிருக்கானே" என்பார். ஒன்பது மணிக்குத் தரையெல்லாம் பருக்கை. ஆறிப்போன சோற்றை அம்மா நின்றுகொண்டே சாப்பிட்டு முடிப்பார்.

இது ஒரு குறிப்பிட்ட வீட்டுக் கதை இல்லை. சின்னக் குழந்தைகள் இருக்கிற பல வீடுகளில் சில்லறை மாற்றங்களோடு தினமும் ஓடுகிற காட்சிதான். வேலைக்குப் போகிற பெற்றோருக்கு, வீட்டில் எல்லோரும் ஒரே இடத்தில் விழித்திருக்கிற நேரம் ஒரு நாளில் இந்த ஒரு மணி நேரம்தான். அதுவும் சண்டையிலேயே போனால் மிச்சம் என்ன?

நல்ல செய்தி ஒன்று உண்டு. இந்தப் போராட்டத்தில் பாதி, குழந்தை வளர்கிற விதத்தால் வருவது. அதற்காக யாரும் குற்ற உணர்ச்சி கொள்ளத் தேவையில்லை. மீதிப் பாதி, பெரியவர்கள் நல்லெண்ணத்தோடு செய்யும் சில விஷயங்களால் வருவது. அதை மாற்றிக்கொள்ள முடியும்.

*ஒரு வயதுக்குப் பிறகு பசி ஏன் குறைகிறது?*

பிறக்கும்போது 3 கிலோ இருக்கிற குழந்தை, முதல் பிறந்த நாளில் சுமார் 9 கிலோவைத் தொடுகிறது. ஒரே வருடத்தில் மூன்று மடங்கு. அதே வேகத்தில் போனால் இரண்டு வயதில் 27 கிலோ இருக்க வேண்டும்! அதனால் உடம்பு தானாகவே பிரேக் போடுகிறது. ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரை வருடத்துக்குத் தோராயமாக 2 முதல் 2.5 கிலோதான் ஏறும்.

வளர்ச்சியின் வேகம் குறையும்போது பசியும் அதற்கேற்பக் குறைகிறது. "பத்து மாசத்துல கிண்ணம் கிண்ணமா சாப்பிட்டான், இப்போ ரெண்டு வாய்கூட இறங்க மாட்டேங்குது" என்று பெற்றோர் கவலைப்படத் தொடங்குவது சரியாக இந்தக் காலத்தில்தான். பெரும்பாலான ஆரோக்கியமான குழந்தைகளுக்கு இது இயல்பான மாற்றம்.

இன்னொரு காரணம் ரொம்பச் சாதாரணமானது. ஆறு மணிக்கு ஒரு டம்ளர் பால், ஏழு மணிக்கு நான்கு பிஸ்கட் என்றால், எட்டரை மணிக்குப் பசி எங்கிருந்து வரும்? ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு ஒரு நாளைக்குப் பால் அரை லிட்டரைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பது குழந்தை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வது. பால் அதிகமானால் வயிறு நிறைந்துவிடும், சாப்பாடு குறையும், இரும்புச்சத்துக் குறைபாடும் வரலாம்.

*நேற்று பிடித்தது இன்று ஏன் பிடிக்கவில்லை?*

இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரையிலான காலத்தில், புதிய உணவைக் கண்டாலே ஒதுங்குகிற குணம் குழந்தைகளிடம் அதிகமாக இருக்கும். நடக்கப் பழகி, கைக்குக் கிடைத்ததை எல்லாம் வாயில் போடக்கூடிய வயதில், தெரியாததைத் தின்றுவிடாமல் இருக்க இயற்கை தந்த பாதுகாப்பு இது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கங்களில் ஒன்று. பச்சையாக இருக்கிற கீரையும் லேசாகக் கசக்கிற காயும் முதலில் அடிவாங்குவது அதனால்தான்.

இதற்கு மருந்து, பழக்கம். குழந்தைகளின் உணவுப் பழக்கத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் லியான் பிர்ச், 1982-ல் இரண்டு வயதுக் குழந்தைகளிடம் ஒரு சோதனை நடத்தினார். ஓர் உணவை எத்தனை முறை அதிகமாகச் சுவைத்தார்களோ, அந்த அளவுக்கு அது அவர்களுக்குப் பிடித்துப்போனது. பத்து, பதினைந்து முறைகூட ஆகலாம். ஆனால், பல வீடுகளில் மூன்றாவது முறையே "இவளுக்கு பீன்ஸ் பிடிக்காது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அந்தத் தீர்ப்பைக் குழந்தையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

பத்து முறை என்றால் பத்துத் தட்டு பீன்ஸ் இல்லை. தட்டின் ஓரத்தில் இரண்டு துண்டு போதும். தொட்டுப் பார்த்தாலும், நக்கிவிட்டுத் துப்பினாலும் பழக்கம் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

*வற்புறுத்தினால் சாப்பிடுவார்களா?*

"ஊட்டி விடலைன்னா சாப்பிடவே மாட்டான்" என்பது நம் வீடுகளில் அதிகம் கேட்கிற வசனம். வற்புறுத்துவது உண்மையிலேயே வேலை செய்கிறதா?

பிர்ச் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைத்தான் பார்த்தது. மழலையர் பள்ளிக் குழந்தைகளுக்கு இரண்டு வகை சூப். ஒன்றைக் கொடுக்கும்போது "சூப்பைக் குடித்து முடி" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். மற்றொன்றைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தார்கள். முடிவு? வற்புறுத்தாத சூப்பைத்தான் குழந்தைகள் அதிகம் குடித்தார்கள். வற்புறுத்திய சூப்பைப் பற்றி "நல்லால்ல", "வேணாம்" என்ற புலம்பலும் மிக அதிகம்.

அதாவது, "இன்னும் ஒரே ஒரு வாய்" அந்த ஒரு வாயை வேண்டுமானால் உள்ளே அனுப்பிவிடலாம். கூடவே "இந்தச் சாப்பாடு எனக்கு எதிரி" என்ற எண்ணத்தையும் சேர்த்து அனுப்பிவிடும். வயிறு நிறைந்ததைத் தானே உணர்ந்து நிறுத்துகிற திறமையும் நாளடைவில் மழுங்கும்.

"காய் சாப்பிட்டா சாக்லேட்" என்ற பேரமும் இதே ரகம்தான். காய் என்பது கஷ்டம், சாக்லேட் என்பது பரிசு என்று நாமே சொல்லிக் கொடுத்துவிடுகிறோம்.

*ஒரு வேளையை வைத்துக் கணக்குப் போடலாமா?*

கூடாது என்கிறது 1991-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்த ஓர் ஆய்வு. 2 முதல் 5 வயது வரையிலான 15 குழந்தைகள் சாப்பிட்ட ஒவ்வொரு வேளையையும் அளந்து பார்த்தார்கள். வேளைக்கு வேளை அளவு தாறுமாறாக மாறியது. சராசரி ஏற்ற இறக்கம் சுமார் 34 சதவீதம். ஆனால், முழு நாளையும் கூட்டிப் பார்த்தால் அது 10 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. காலையில் அதிகம் சாப்பிட்ட குழந்தை இரவில் குறைத்துக்கொள்கிறது. மதியம் சாப்பிடாத குழந்தை சாயங்காலம் சரிசெய்துகொள்கிறது.

இதற்கும் முன்பே, 1920-களின் பிற்பகுதியில் கிளாரா டேவிஸ் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் இன்னும் துணிச்சலான சோதனையைத் தொடங்கினார். தாய்ப்பால் மறந்த 15 குழந்தைகளின் முன் விதவிதமான எளிய உணவுகளை வைத்து, எதையும் எவ்வளவும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். குழந்தை தானே கைநீட்டிக் காட்டாத எதையும் யாரும் ஊட்டவில்லை, "இதைச் சாப்பிடு" என்று சொல்லவும் இல்லை. ஒவ்வொரு குழந்தையும் விநோதமான கூட்டணியில் சாப்பிட்டது. ஆனாலும் நன்றாக வளர்ந்தன என்று 1939-ல் அவர் எழுதினார். அதில் இருந்த சூட்சுமத்தையும் அவரே சொன்னார்: வைக்கப்பட்ட 34 உணவுகளில் சர்க்கரையோ பாக்கெட் பண்டமோ இல்லை. தேர்வு குழந்தையுடையது, பட்டியல் பெரியவர்களுடையது.

*அப்போ பெற்றோர் வேலை என்ன?*

இந்தக் கேள்விக்கு உலகம் முழுக்க உணவியல் நிபுணர்கள் சுட்டிக்காட்டும் ஒரு பதிலைத் தந்தவர் எலின் சாட்டர். அமெரிக்க உணவியல் நிபுணரும் குடும்ப நல ஆலோசகருமான இவர், 1980-களில் முன்வைத்த யோசனை ரொம்ப எளிது. வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள் என்றார்.

என்ன உணவு, எப்போது, எங்கே: இந்த மூன்றும் பெற்றோர் முடிவு.

எவ்வளவு சாப்பிடுவது, சாப்பிடுவதா வேண்டாமா: இந்த இரண்டும் குழந்தையின் முடிவு.

நம் வீட்டுக்கு இதை எப்படிக் கொண்டுவருவது? இரவு எட்டு மணிக்குப் பருப்பு சாதம், கேரட் பொரியல், தயிர் என்று அம்மா அப்பா முடிவு செய்கிறார்கள். அதில் குழந்தைக்குப் பழகிய ஒன்றாவது இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். தயிர் சாதம் பிடிக்கும் என்றால் தயிர் மேஜையில் இருக்கும். அதன்பிறகு, குழந்தை தயிர் சாதம் மட்டும் சாப்பிட்டால் சரி. நாலு வாயில் எழுந்துவிட்டாலும் சரி. தனியாக நூடுல்ஸ் கிண்டிக் கொடுக்க யாரும் ஓட வேண்டியதில்லை.

முதல் வாரம் கொஞ்சம் கடினமாகத்தான் இருக்கும். "பட்டினியா படுக்கப் போறானே" என்ற பதற்றம் வரும். கொஞ்சம் பசியோடு படுத்த குழந்தை காலையில் இட்லியைக் கேட்டு வாங்கிச் சாப்பிடும்போது அந்தப் பதற்றம் இறங்கும்.

*நிலாச்சோறும் பூச்சாண்டியும்*

"எங்க காலத்துல ஊட்டித்தானே வளர்த்தோம்" என்பார்கள் பாட்டிகள். அதுவும் நியாயமான கேள்விதான்.

மொட்டை மாடி நிலாச்சோற்றில் ரசிக்க எவ்வளவோ இருந்தது. சட்டியில் மிச்சமிருக்கும் வத்தக்குழம்பில் சோற்றைப் பிசைந்து, சுற்றி உட்கார்ந்த பிள்ளைகளின் கையில் ஆளுக்கொரு உருண்டையாகப் பாட்டி போட்டது யாருக்கும் மறக்காது. அங்கே கதை இருந்தது, கூட்டம் இருந்தது, கையின் சூடு இருந்தது. யாரும் அளவு பார்க்கவில்லை. குழந்தைக்கு உணவு கொடுக்கும் நேரம் அன்புக்கும் கற்றலுக்குமான நேரம். கண் பார்த்துப் பேசிக்கொண்டே, பொறுமையாக, கட்டாயப்படுத்தாமல் கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்கள் சொல்வதும் கிட்டத்தட்ட இதைத்தான்.

விட வேண்டியது பூச்சாண்டியை மட்டும். பயத்தில் திறக்கிற வாய் பசியில் திறக்கவில்லை.

அதேபோல, குழந்தை தானே பிசைந்து சாப்பிடும்போது ஆகும் அலங்கோலமும் நல்லதுக்குத்தான். சூடு, வழுவழுப்பு, கொழகொழப்பு எல்லாம் விரல்களுக்கு முதலில் தெரிந்தால், வாய்க்குப் பயம் குறையும். தட்டுக்குக் கீழே ஒரு பழைய பெட்ஷீட்டை விரித்துவிட்டால் பாதித் தலைவலி தீர்ந்தது.

*போன் காட்டினால்தான் சாப்பிடுது, என்ன பண்றது?*

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம், 2 முதல் 5 வயது வரை ஒரு நாளைக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம், அதுவும் பெரியவர் மேற்பார்வையில் என்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமான ஐஏபி. சாப்பாட்டு நேரம் திரை இல்லாத நேரமாக இருக்க வேண்டும் என்றும் பரிந்துரைக்கிறது.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியது. கார்ட்டூன் பார்க்கும் குழந்தை சாப்பிடுவதில்லை. வாய் திறக்கிறது, அவ்வளவுதான். என்ன ருசி, எப்போது வயிறு நிறைந்தது என்று எதுவும் பதிவாவதில்லை.

ஒரே நாளில் நிறுத்த முடியாவிட்டால், முதல் ஐந்து நிமிடம் போன் இல்லாமல் தொடங்கலாம். பிறகு பத்து நிமிடம். ஒரு நிபந்தனை உண்டு: அப்பாவின் ஹெட்செட்டும் அம்மாவின் வாட்ஸ்அப்பும் அதே விதிக்குள் வர வேண்டும்.

*சிந்திய சோற்றுக்கு நடுவே என்ன கிடைக்கிறது?*

இவ்வளவு கலவரத்தில் சேர்ந்து சாப்பிட்டு என்ன பயன்? மிக முக்கியமான பதில், பேச்சு.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கேத்தரின் ஸ்னோவும் உடன் பணிபுரிந்தவர்களும், பாஸ்டன் பகுதியில் வருமானம் குறைந்த குடும்பங்களின் சாப்பாட்டு நேரப் பேச்சுகளைப் பதிவு செய்து, அந்தக் குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அன்றாடம் அதிகம் புழங்காத சொற்கள் சாப்பாட்டு வேளையில் எவ்வளவு வந்தனவோ, அந்த அளவுக்குக் குழந்தைகளின் சொல்வளமும் பின்னாளில் கூடுதலாக இருந்தது. "இன்னிக்கு டிராஃபிக்ல ஒரு யானையைப் பார்த்தேன்" என்று அப்பா தொடங்குகிற கதையும், அதில் குழந்தை கேட்கிற பதினேழு "ஏன்"களும் சும்மா போவதில்லை.

நேரமும் உதவுகிறது. ஜெர்மனியின் பெர்லினில் 6 முதல் 11 வயதுப் பிள்ளைகளையும் அவர்களின் பெற்றோரையும் வைத்து நடந்து, 2023-ல் வெளியான ஆய்வில், வழக்கத்தைவிடச் சுமார் 10 நிமிடம் கூடுதலாக மேஜையில் உட்கார்ந்தபோது பிள்ளைகள் பழமும் காயும் சுமார் 100 கிராம் அதிகம் சாப்பிட்டார்கள். யாரும் வற்புறுத்தவில்லை, நறுக்கி வைத்தது கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. மூன்று வயதுக் குழந்தையிடம் இந்தப் பத்து நிமிடத்தை எதிர்பார்க்க முடியாது. ஆனால், உட்காருகிற நேரம் இனிமையாக இருந்தால் அது தானாக நீளும்.

*தினமும் முடியவில்லை என்றால்?*

நைட் ஷிப்ட், ஆன்சைட், ஒற்றைப் பெற்றோர் என எல்லோராலும் தினமும் சேர்ந்து உட்கார முடியாது. "சேர்ந்து சாப்பிடும் குடும்பத்துப் பிள்ளைகள் எல்லாவற்றிலும் நன்றாக இருப்பார்கள்" என்ற பேச்சைக் கேட்கும்போது குற்ற உணர்ச்சி வரும். அதற்கும் ஒரு மறுபக்கம் உண்டு. அமெரிக்க சமூகவியலாளர்கள் கெல்லி மியூசிக், ஆன் மையர் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், குடும்பத்தின் வசதியையும் உறவுகளின் தரத்தையும் கணக்கில் எடுத்ததும், இரவுச் சாப்பாட்டுக்கும் வளரிளம் பருவத்தினர் நலனுக்கும் இருந்த தொடர்பு கணிசமாகக் குறைந்துவிட்டது. சேர்ந்து சாப்பிடுவது மந்திரம் இல்லை. அது உறவைப் பார்த்துக்கொள்ள ஒரு வாய்ப்பு. அந்த வாய்ப்பு ஞாயிறு காலை தோசையாகவும் இருக்கலாம். ஒரே ஒரு பெரியவரும் ஒரு குழந்தையும் போதும்.

இன்னொரு கணக்கும் இங்கே முக்கியம். மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் 289 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடங்கள். சமைத்து, ஊட்டி, துடைத்து, பாத்திரம் கழுவுகிற ஒருவரிடம் போய் "சாப்பாட்டு நேரத்தை ரசியுங்கள்" என்று சொல்வது அநியாயம். அம்மாவும் உட்கார்ந்து சூடாகச் சாப்பிட வேண்டுமானால், தரை துடைக்கிற துணி வேறொருவர் கையில் இருக்க வேண்டும்.

*இன்று இரவே செய்து பார்க்கலாம்*

- சாப்பாட்டுக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்பே பால், பிஸ்கட்டை நிறுத்திவிடுங்கள்.
- முதலில் கொஞ்சமாக வையுங்கள். மலைபோல் குவிந்த தட்டைப் பார்த்தாலே குழந்தை மலைத்துவிடும். கேட்டால் இன்னும் கொடுக்கலாம்.
- பெரியவர்கள் சாப்பிடுகிற அதே சாப்பாட்டைக் காரம் குறைத்துக் கொடுங்கள்.
- சாப்பாட்டைப் பற்றிப் பேசாதீர்கள். "பார்க்ல இன்னிக்கு யார் வந்தா?" என்று கேளுங்கள்.
- 15, 20 நிமிடம் போதும். எழுந்துவிட்டால் சாப்பாடு முடிந்தது.
- டம்ளரில் கால்வாசி தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். கவிழ்ந்தாலும் கால் டம்ளர்தான்.

*எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?*

"தானா சரியாயிடும்" என்று எல்லாவற்றையும் விட்டுவிடக் கூடாது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் 6 மாதம் முதல் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது.

எடை ஏறாமல் நின்றுவிட்டாலோ குறைந்தாலோ, விழுங்கும்போது அடிக்கடி புரையேறினாலோ, வாந்தி, வயிற்றுப்போக்கு தொடர்ந்தாலோ, எப்போதும் சோர்வாக, வெளிறி இருந்தாலோ, மண், சாக்பீஸ் தின்றாலோ, விரல்விட்டு எண்ணக்கூடிய சில உணவுகளைத் தவிர வேறு எதையும் தொடாமல் இருந்தாலோ குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். பாட்டியின் கண்ணளவைவிட வளர்ச்சி அட்டையின் கோடு நம்பகமானது. அந்தக் கோடு ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்தால், இன்றைக்குத் தட்டில் மிஞ்சியதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

*மறுபடியும் 8.20 மணி*

அதே வீடு, அதே பருப்பு சாதம். பையன் "வேணாம்" என்கிறான். "சரிடா, எங்களோட சும்மா உட்காரு" என்கிறார் அம்மா. அப்பாவின் ஹெட்செட் மேஜையில் இல்லை. அப்பளத்தை நொறுக்கிச் சாதத்தில் தூவி, "மழை பெய்யுது" என்கிறான் பையன். எங்கே மழை என்று அப்பா கேட்க, பேச்சு பார்க், சறுக்கு மரம், அங்கே வந்த நாய்க்குட்டி என்று போகிறது. அந்தப் பேச்சுக்கு நடுவில் அவன் ஐந்து வாய் சாப்பிட்டிருப்பான். கேரட்டில் ஒரு துண்டைக் கடித்துவிட்டுத் தட்டிலேயே வைத்துவிடுவான்.

தண்ணீர் இன்றைக்கும் கவிழும். அப்பா துணியை எடுத்துக்கொண்டு வருவார். அம்மா தன் தட்டில் சோறு சூடாக இருக்கும்போதே சாப்பிட்டு முடிப்பார்.